வேலையைக் கற்க எத்தனை நாள்?

1940இல் அமெரிக்கப் போர்த்தளவாடச் சாலைகளுக்கும் கடற்படைத் தளங்களுக்கும் கண்ணாடி வில்லை தீட்டத் தெரிந்தவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். பீரங்கியின் குறிநோக்கிக்கு வில்லை வேண்டும், கப்பலின் தொலைநோக்கிக்கு வில்லை வேண்டும். தீட்டுவதற்கு ஆளில்லை. அந்தத் தொழிலைப் பழக ஐந்தாண்டு பிடிக்கும் என்பது அதில் ஊறியவர்களின் கணக்கு. ஐரோப்பாவில் மூண்டிருந்த போரோ ஐந்தாண்டு பொறுத்திருக்கும் நிலையில் இல்லை. சிக்கலை ஆராயப் போனவர்கள் அந்த வேலையைப் பகுத்துப் பார்த்தார்கள். தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாள் முழுக்கச் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி, புதியவர் ஒருவர் குறுகிய காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது என்று தெரியவந்தது. கைநேர்த்தியும் நெடுநாள் அனுபவமும் உண்மையிலேயே தேவைப்படுபவை சில மட்டுமே. அந்தச் சிலவற்றைத் தேர்ந்தவர்களிடம் விட்டு, மற்றவற்றைப் பிரித்துப் பிறருக்குக் கொடுத்து, ஒவ்வொன்றையும் முறைப்படி சொல்லிக்கொடுத்தபோது பயிற்சிக்காலம் சில மாதங்களாகச் சுருங்கியது.

ஐந்தாண்டு என்ற பழைய கணக்கு பொய்யல்ல. யாரும் முறையாகச் சொல்லித்தராமல், மூத்தவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து, திட்டு வாங்கி, பொருளைப் பாழாக்கிப் பழகினால் அவ்வளவு காலம் ஆகத்தான் செய்யும். அந்த ஐந்தாண்டில் எவ்வளவு கற்றலுக்குப் போனது, எவ்வளவு கற்றுத்தர ஆளில்லாததால் வீணானது என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. பணியாளர் பயிற்சி, திறன் மேம்பாடு என்று இன்று எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவையும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. இந்த வேலையைக் கற்க உண்மையில் எவ்வளவு காலம் ஆகும்? அந்தக் காலத்தில் யார், எதை, எந்த நாளுக்குள் கற்றுத்தருவார்? இதற்கு விடை எழுதிவைத்திருக்கும் இடத்தில் பயிற்சி நடக்கிறது. எழுதிவைக்காத இடத்தில் அது சடங்காகிறது, அல்லது கூலியைக் குறைக்கும் ஏற்பாடாகிவிடுகிறது. இரண்டுக்குமே நம்மிடம் சான்றுகள் இருக்கின்றன.

வில்லைத் தொழிலில் கிடைத்த பாடத்தைப் பொதுமுறையாக மாற்றிய அமைப்பு, 1940 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. சானிங் டூலி, வால்டர் டீட்ஸ், மைக் கேன், வில்லியம் கானோவர் என்ற நால்வர் அதை நடத்தினார்கள். நால்வரும் கல்வித்துறைப் பேராசிரியர்கள் அல்லர். எண்ணெய், தொலைபேசி, எஃகு என்று பெருந்தொழில்களில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர்கள். அவர்களுக்கு முன்னோடி சார்ல்ஸ் ஆலன். முதல் உலகப்போரில் கப்பல்கட்டும் தளங்களுக்கு ஆயிரக்கணக்கான புதியவர்களைத் தயார்செய்ய வேண்டியிருந்தபோது, கற்பித்தலை நான்கு படிகளாக வகுத்து 1919இல் நூலாகவும் வெளியிட்டவர் அவர். கற்பவரை ஆயத்தப்படுத்துவது, வேலையைக் காட்டுவது, அவரைச் செய்யவைப்பது, தனியே விட்டுச் சோதிப்பது. இருபதாண்டு கழித்து இரண்டாம் போரில் அதே நான்கு படிகள் சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு அட்டையில் அச்சாயின.

நால்வரும் எடுத்த முக்கியமான முடிவு, தொழிலாளிக்கு நேரடியாகப் பயிற்சி தருவதில்லை என்பது. கோடிக்கணக்கானவர்களை வகுப்பறையில் உட்காரவைக்க நேரமில்லை. உட்காரவைத்தாலும் எந்திரத்தின் முன் நிற்கும்போது அது கைகொடுக்காது. ஆகவே சூப்பர்வைசருக்குக் கற்றுத்தரும் வித்தையைக் கற்றுக்கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். பத்துப் பேர் கொண்ட குழு, நாளுக்கு இரண்டு மணிநேரம், ஐந்து நாள். மொத்தம் பத்து மணிநேரம்தான்.

முதல் அமர்வில் நடக்கும் ஒரு செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பயிற்றுநர் கையில் இரட்டை இழை மின்கம்பி இருக்கும். விளக்குத் தாங்கிக்குள் போடும் ஒருவகை முடிச்சைக் கற்றுத்தர வேண்டும். கம்பியை யாராவது வெடுக்கென்று இழுத்தாலும் திருகாணியிலிருந்து இழை பிடுங்கிக்கொள்ளாமல் காப்பது அந்த முடிச்சு. குழுவிலிருந்து ஒருவரை அழைத்து, கம்பியைக் காட்டாமலே, எப்படிப் போடுவது என்று பயிற்றுநர் வாயால் மட்டும் சொல்வார். வலது இழையை வளைத்து முன்பக்கம் கொண்டுவர வேண்டும், இடது இழையை அதன் அடியில் விட்டுப் பின்னால் எடுக்க வேண்டும் என்றெல்லாம் சரியாகவே சொல்வார். கேட்டவரால் போடமுடியாது. அடுத்து இன்னொருவர். இந்த முறை வாய்திறக்காமல், எதிரே நின்று முடிச்சைப் போட்டுக் காட்டுவார். எதிரே நிற்பவருக்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். அவராலும் முடியாது. பெரும்பாலான தொழிற்கூடங்களில் ‘சொல்லியாச்சு’, ‘காட்டியாச்சு’ என்பவை இந்த இரண்டும்தான் என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் ஃபோர்மேன்கள் கண்ணெதிரே காண்பார்கள்.

மூன்றாம் முறை நான்கு படிகளும் வரிசையாக வரும். கற்பவரைத் தன் பக்கத்தில், வேலை சரியாகத் தெரியும் கோணத்தில் நிறுத்துவார். இந்த முடிச்சு எதற்கு, அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று பேசிக் கூச்சத்தைப் போக்குவார். ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே செய்வார். ஒவ்வொரு படியிலும் தவறினால் வேலை கெட்டுவிடும் நுணுக்கம் ஒன்றிருக்கும். இழையைப் பிரிப்பது ஆறு அங்குலம்தான், வளையம் வருவது முன்பக்கம்தான் என்று அதை அழுத்திச் சொல்வார். பிறகு கற்பவர் செய்வார், செய்துகொண்டே ஏன் அப்படிச் செய்கிறார் என்று தன் வாயால் சொல்வார். அவர் புரிந்துகொண்டார் என்று பயிற்றுநருக்கு உறுதிப்படும்வரை இது தொடரும். கடைசியில் தனியே விட்டுவிடுவார். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று பெயரைச் சொல்லிவைப்பார். அடிக்கடி வந்து பார்ப்பார், போகப்போக அதைக் குறைத்துக்கொள்வார். கற்பவருக்கு வரவில்லை என்றால் குற்றம் சொல்லிக்கொடுத்தவருடையது என்பதே அந்தப் பத்து மணிநேரத்தின் அடிப்படை விதி. தொழிலாளியின் மேல் பழிபோட்டுப் பழகிய ஒரு மேற்பார்வை மரபில் இது சிறிய மாற்றமல்ல.

முடிச்சோடு வகுப்பு முடிந்துவிடாது. மீதி நாள்களில் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் பிரிவிலிருந்து ஒரு வேலையைக் கொண்டுவந்து, அதை ஒரு தாளில் பகுத்தெழுதி, குழுவின் முன் ஒருவருக்குக் கற்றுத்தந்து காட்ட வேண்டும். தாளில் இடப்பக்கம் படிகள், வலப்பக்கம் நுணுக்கங்கள். அவ்வளவுதான் ஆவணம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, வகுப்பில் கேட்கப்படும் மற்றொரு தாள்: பயிற்சி அட்டவணை. ஒருபுறம் பிரிவின் வேலைகள், மறுபுறம் ஆட்களின் பெயர்கள். கட்டங்களில் இன்னார் இந்த வேலையை இந்தத் தேதிக்குள் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற தேதி. கற்றல் காலத்துக்கு ஒரு முடிவு நாள் குறிக்கப்பட்டது இங்கேதான்.

1945இல் அமைப்பு கலைக்கப்படும்போது 16,511 தொழிற்கூடங்களைச் சேர்ந்த 17,50,650 பேர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். சுமார் 600 தொழிற்கூடங்களைத் தொடர்ந்து கவனித்ததில், 86 சதவீதத்தில் உற்பத்தி கால்வாசிக்குக் குறையாமல் கூடியதாகவும், எல்லாவற்றிலும் பயிற்சிக்காலம் கால்வாசிக்குக் குறையாமல் சுருங்கியதாகவும் அதன் இறுதி அறிக்கை சொல்கிறது. தன் வேலையைத் தானே அளந்த ஓர் அமைப்பின் கணக்கு இது. போர்க்காலத்தில் உற்பத்தி கூடுவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. எனவே எண்களில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டே படிக்க வேண்டும். ஆனாலும் ஆலைக்குள் அதுவரை காலெடுத்து வைத்திராத லட்சக்கணக்கான பெண்கள் சில வாரங்களில் விமானத்தையும் கப்பலையும் கட்டத் தொடங்கினார்கள் என்பது கண்கூடு. முறையில்லாமல் அது நடந்திருக்காது.

போர் முடிந்தது, அரசுப் பணம் நின்றது, அமெரிக்கத் தொழிற்சாலைகள் அந்த அட்டையை மறந்தன. ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பானுக்கு அது போனது. லோவெல் மெல்லன் தலைமையிலான சிறு குழு 1951இல் அங்கே பயிற்றுநர்களைத் தயார்செய்தது. அரசின் தொழிலாளர் துறை அதைத் தொடர்ந்து நடத்தியது. டொயோட்டா அதே காலத்தில் அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. பிற்பாடு நடந்ததை ஜான் ஷூக் பதிவு செய்திருக்கிறார். ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் மூடிய ஆலையை, டொயோட்டாவும் அந்நிறுவனமும் சேர்ந்து ‘நம்மி’ என்ற பெயரில் 1984இல் திறந்தன. அங்குள்ள அமெரிக்கத் தொழிலாளர்களுக்கான பயிற்சிப் பாடங்களை ஜப்பானில் தயாரித்துக்கொண்டிருந்தவர்களில் ஷூக்கும் ஒருவர். வேலை கற்பிக்கும் பாடத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவதில் அவர் திணறியபோது, உடன் வேலைபார்த்த ஜப்பானியர் ஒருவர் கோப்பறையிலிருந்து மஞ்சளேறிய, ஓரம் மடங்கிய ஆங்கிலக் கையேடு ஒன்றை எடுத்துவந்து தந்தாராம். போர்க்கால அமெரிக்காவின் மூலக் கையேடு. முப்பதாண்டுக்கு மேலாக ஏறக்குறைய மாற்றமில்லாமல் பயன்பட்டுவந்தது.

ஃப்ரீமாண்ட்டில் வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பழைய ஆலையில் வேலைசெய்த அதே தொழிற்சங்க உறுப்பினர்கள். கட்டுக்கடங்காதவர்கள், அடிக்கடி விடுப்பெடுப்பவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். குழுத்தலைவர்களாகப் போகிறவர்களில் சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி, அங்குள்ள தொழிலாளர்களின் பக்கத்தில் நிறுத்திப் பழக்கினார்கள். சொல்லாமல் விடுப்பெடுப்பது வெகுவாகக் குறைந்தது, காரின் தரம் ஜப்பானில் தயாரானதற்கு நிகராக வந்தது. ஆட்கள் சரியில்லை என்று புலம்பும் எந்த நிர்வாகத்தினரும் இந்த ஆலையின் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

நான்கு படிகள் ஏன் வேலை செய்தன என்பதற்கான விளக்கம் உளவியல் கூடங்களிலிருந்து பின்னால் வந்தது. கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மானியரான எபிங்ஹௌஸ் 1885லேயே தன்னையே சோதித்து வரைந்து காட்டிவிட்டார். இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கற்பதே மனத்தில் நிற்கும் என்பதும் அவர் கண்டதுதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை இன்னும் தெளிவானது. மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை மறுபடி படித்தார்கள். மறுசாரார் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56. முடிச்சைக் கற்பவர் தானே போட்டுக்கொண்டு தன் வாயாலேயே காரணம் சொல்வதும், சூப்பர்வைசர் அடுத்தடுத்த நாள்களில் வந்து பார்ப்பதும் இந்த இரண்டு உண்மைகளின் மேல் நிற்பவை.

ஐந்து நிமிடத்தில் முந்தியவர்கள் ஒரு வாரத்தில் பிந்திப்போனது, நம் நிறுவனங்கள் பயிற்சியை எந்த நேரத்தில் அளக்கின்றன என்ற கேள்வியை எழுப்புகிறது. ஓட்டல் அரங்கில் இரண்டு நாள் வகுப்பு, மதிய உணவு, விளையாட்டுப் போன்ற சில பயிற்சிகள், முடிந்ததும் கையில் ஒரு படிவம். பேச்சாளர் எப்படி, அரங்கம் எப்படி, ஐந்துக்கு எத்தனை? அளவீடு அங்கேயே முடிந்துவிடுகிறது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் பயிற்சியை அளக்க நான்கு நிலைகளைச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலைக்குத் திரும்பியபின் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைந்தது என்ன. அறுபதாண்டுக்கு மேலாகியும் பெரும்பாலான இடங்களில் முதல் நிலையைத் தாண்டுவதில்லை. தாண்டாததற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாம் நிலையை அளக்க வேண்டுமானால் வேலை நடக்கும் இடத்தில், வேலையைத் தெரிந்த ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பயிற்சியை எச்.ஆர். துறையின் நாள்காட்டிக்கு ஒப்படைத்துவிட்ட நிறுவனத்தில் அப்படி நிற்க யாருக்கும் பொறுப்பில்லை.

கேட்டதில் இத்தனை சதவீதம் மனத்தில் நிற்கும், பார்த்ததில் இத்தனை, செய்ததில் 90 என்று ஒரு கூம்புப் படம் இந்த அரங்குகளில் தவறாமல் திரையில் வரும். எட்கர் டேல் 1946இல் வரைந்த கூம்பு அது. அவர் வரைந்ததில் சதவீதம் எதுவும் கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது. கற்றலைப் பற்றிக் கற்பிக்க வருபவர்களே சரிபார்க்காத எண்ணைச் சொல்வது வருத்தம் தருகிறது.

நம் ஊரிலேயே வேறு வழியில் போன ஓர் இடம் மதுரையில் இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வுபெற்ற கையோடு 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைப் பழக்கியே ஆயிரக்கணக்கில் அறுவை செய்தவர். கற்பதும் பழகுவதும் என்ன என்பது அவருக்குத் தன் கைகளிலிருந்தே தெரியும். அவர் எதிர்கொண்டது வில்லை தீட்டுபவர் பற்றாக்குறையைப் போன்றதொரு கணக்கு: கண்புரையால் பார்வையிழந்தவர்கள் லட்சக்கணக்கில், கண் மருத்துவர்கள் சில ஆயிரம். மருத்துவரை உருவாக்கப் பத்தாண்டு. அதை அவரால் குறைக்க முடியாது. ஆனால் மருத்துவரின் ஒரு நாளில் எவ்வளவு நேரம் மருத்துவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குப் போகிறது என்று கேட்க முடியும்.

கேட்டதன் விளைவாக உருவானவர்கள்தான் அரவிந்தில் ‘சிஸ்டர்’ என்று எல்லோரும் அழைக்கும் பெண்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப்படிப்பை முடித்த பதினெட்டு வயதை ஒட்டிய பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு உள்ளேயே வைத்துக் கற்றுத்தருகிறார்கள். இந்தப் பயிற்சியை உருவாக்கி வளர்த்ததில் டாக்டர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியாருக்குப் பெரும்பங்கு உண்டு. முதலில் கண்ணின் அமைப்பு, தூய்மை, நோயாளியிடம் பேசும் விதம் என்று எல்லோருக்கும் பொதுவானது. பிறகு பிரிவு பிரிவாக: பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடிக்குப் பவர் குறிப்பது, உள்ளே வைக்கும் லென்ஸின் அளவைக் கணக்கிடுவது, அறுவையரங்கில் உதவுவது, அறுவையைப் பற்றி நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்குவது.

அறுவையரங்கில் இதன் பலனைக் காணலாம். அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்ததில் நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவித் தட்டை வரிசையாக எடுத்துவைத்து ஒரு சிஸ்டர் ஆயத்தமாக இருப்பார். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேசைக்கு மாறுவார். கட்டுப்போடுவதும் நோயாளியை எழுப்பி அழைத்துப்போவதும் மீண்டும் சிஸ்டர்களின் வேலை. எந்தக் கட்டத்தில் எந்தக் கருவி என்று கேட்காமலே கைக்கு வரும். இந்த ஏற்பாட்டில் ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவை செய்கிறார். நாட்டின் சராசரியைப்போல் பல மடங்கு. குழுமம் முழுவதும் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடக்கின்றன. அவற்றில் பாதியளவு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன.

இலவச சிகிச்சை பற்றியும் வெங்கடசாமியின் ஆன்மிக ஈடுபாடு பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சிஸ்டர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அந்த மருத்துவமனையின் பொருளாதாரம் அவர்களின் இரண்டாண்டுப் பயிற்சியின் மேல் நிற்கிறது என்பதே என் வாசிப்பு. பயிற்சியை அவர்கள் செலவாக எழுதவில்லை. அதுதான் அவர்கள் நடத்தும் தொழில். திருமணத்துக்குப் பின் விலகிப் போகிறவர்கள் உண்டு. அதனால் ஆண்டுதோறும் புதிய அணி வந்துகொண்டே இருக்கிறது; நேற்றுக் கற்ற சிஸ்டர் இன்று புதியவருக்குக் கற்றுத்தருகிறார். கற்றுத்தந்தால் வேறிடத்துக்குப் போய்விடுவார்கள் என்று பயிற்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் முதலாளிகளுக்கு இது ஒரு பதில். போவார்கள். போனாலும் கற்றுத்தரும் ஏற்பாடு நிலைத்திருக்கும்.

ஓசூரிலும் ஒரகடத்திலும் வாகன உதிரிபாக ஆலைகளின் சுவரில் ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என்ற பலகையைப் பார்க்கலாம். ஆபரேட்டர்களின் பெயர், வேலைகளின் பெயர், ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கால்வட்டம் கறுத்திருந்தால் கற்கிறார். அரைவட்டம் என்றால் மேற்பார்வையில் செய்வார். முக்கால் என்றால் தனியே செய்வார். முழுவட்டம் என்றால் பிறருக்குக் கற்றுத்தருவார். 1940களின் பயிற்சி அட்டவணையை நினைவூட்டும் பலகை இது. ஜப்பானிய முறைகளைக் கருத்தூன்றி எடுத்துக்கொண்ட சென்னை பாடியின் சுந்தரம் க்ளேட்டன், தர நிர்வாகத்துக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. அந்தப் பலகை உயிரோடு இருக்கும் ஆலைகளும் உண்டு. ஆடிட் வரும் வாரத்தில் வட்டங்கள் அவசரமாகக் கறுக்கப்படும் ஆலைகளும் உண்டு. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் முழுவட்டம் பெற்றவரிடம், கடைசியாக யாருக்குக் கற்றுத்தந்தீர்கள் என்று கேட்டால் போதும்.

கோவை, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கத்து நூற்பாலைகளில் நடந்தது அரவிந்தில் நடப்பதற்கு நேர்மாறானது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலை விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். அந்த மூன்றாண்டும் அவர்கள் அப்ரண்டிஸ்கள், அதாவது பயிற்சியில் இருப்பவர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு அமைப்பும் ‘இந்தியா கமிட்டி ஆஃப் த நெதர்லாண்ட்ஸ்’ என்ற அமைப்பும் 2011இல் வெளியிட்ட அறிக்கை இதை உலகறியச் செய்தது. உடல்நலம் கெட்டோ வேறு காரணத்தாலோ மூன்றாண்டு முடியுமுன் வெளியேறியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனது.

அந்தப் பெண்கள் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு எந்திரத்தில் செய்த வேலையைப் பகுத்துப் பார்ப்போம். நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும். மில்லில் அதற்குப் பீசிங் என்று பெயர். சுழலும் கதிரை நிறுத்துவது, கண்டிலிருந்து நூல் முனையைத் தேடி எடுப்பது, அதை டிராவலர் என்ற சிறு வளையத்தில் மாட்டி, மேலே கொக்கி வழியாகக் கொண்டுவருவது, கதிரை விட்டவுடன் முன் உருளையிலிருந்து வரும் பஞ்சிழையோடு சேர்ப்பது. நுணுக்கங்கள் உண்டு: முனை நீளமாக இருந்தால் ஒட்டிய இடம் தடிக்கும், தாமதித்தால் பஞ்சு வீணாகும், கை பக்கத்து இழையில் பட்டால் அதுவும் அறும். ஒரு பெண் கவனித்துக்கொள்ளும் கதிர்களின் எண்ணிக்கை கூடக்கூட வேகம் வேண்டும். வேகம் வரப் பழக்கம் வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் மாதக்கணக்கில் முடியும் கற்றல் இது. மூன்றாண்டு ஆகாது. பழகிய பிறகும் முழு ஷிப்ட் வேலை, சில வேளை கூடுதல் ஷிப்ட், பயிற்சிக் கூலி. மூன்றாண்டு என்ற எண்ணை வேலையின் கடினம் தீர்மானிக்கவில்லை; நிரந்தரத் தொழிலாளிக்குரிய ஊதியத்தையும் உரிமையையும் எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்ற கணக்கே தீர்மானித்தது.

இங்கேதான் வேலையைப் பகுத்தெழுதும் அந்தத் தாளுக்கு இன்னொரு பயன் இருப்பது தெரிகிறது. நிர்வாகத்தின் கருவியாகப் பிறந்தது அது. ஆனால் ஒரு வேலையின் படிகளும் நுணுக்கங்களும் கற்கும் காலமும் எழுத்தில் இருந்தால், கற்பவர் எந்த நாளில் தொழிலாளி ஆகிறார் என்பதும் எழுத்தில் வந்துவிடும். அந்த நாளுக்குப் பிறகும் அவரைப் பயிற்சியாளர் என்று அழைக்க முடியாது. எழுதாமல் விடுவதில் யாருக்கு லாபம் என்று தொழிற்சங்கங்கள் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் 2019இல் திருத்தப்பட்ட விதிகளும், 30 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் நிறுவனம் தன் ஆட்கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்கின்றன. 2016 முதல் மத்திய அரசு உதவித்தொகையில் ஒரு பங்கை ஏற்கிறது. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. இவற்றையெல்லாம் வரவேற்கிறேன். ஆனால் எத்தனை பேரை எடுத்தார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் தந்தார்கள் என்ற எண்ணிக்கையே இவற்றின் வெற்றியாகப் பேசப்படுகிறது. ஜெர்மனியில் 1969இன் தொழிற்கல்விச் சட்டம் ஒவ்வொரு தொழிலுக்கும் எதை, எந்த வரிசையில், எவ்வளவு காலத்தில் கற்றுத்தர வேண்டும் என்று வகுத்த திட்டத்தை நிறுவனத்தின் கடமையாக்குகிறது. கற்றுத்தருபவருக்கும் தகுதி கேட்கிறது. நாம் கடன்வாங்க வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான். நம் தொழிற்கூடங்களில் கற்றுத்தரும் பொறுப்பு மூத்த ஆபரேட்டரின் தலையில் விழுகிறது. அவருக்கு அதற்கென்று நேரம் ஒதுக்குவதில்லை, உற்பத்தி இலக்கில் ஒரு துண்டும் குறைப்பதில்லை, எப்படிக் கற்றுத்தருவது என்று யாரும் அவருக்குச் சொன்னதுமில்லை. அவர் எரிச்சல்படுவதில் வியப்பென்ன?

உங்கள் பிள்ளையோ உறவுப்பெண்ணோ அப்ரண்டிஸ், டிரெய்னி என்ற பெயரில் நாளை ஓர் ஆலையிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ சேரப்போகிறார் என்றால், உதவித்தொகை எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என்னென்ன வேலைகளைக் கற்றுத்தருவீர்கள், ஒவ்வொன்றையும் எந்தத் தேதிக்குள், சொல்லித்தரப்போகிறவர் பெயர் என்ன என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். நிறுவனம் நடத்துகிறவராக இருந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே அந்தத் தாளை எழுதிக் கொடுங்கள்.